சொத்து எண் 417

மார்த்தாண்டம் மேம்பாலத்தின் கீழே
என் கடைக்கு எப்போதும் ஒரு நடுக்கம் உண்டு.
மேலே பேருந்து போனால்
மேசையில் திருகாணிகள் இடம் மாறும்.

திருவனந்தபுரத்து அலுவலகங்கள்
கழித்துக் கட்டிய மடிக்கணினிகள்
டெம்போவில் எடைக்கு வந்திறங்கும்.
கவிழ்த்துத் தட்டினால்
பிஸ்கட் தூள், ஸ்டேப்ளர் முள்,
யாரோ ஒரு குமாஸ்தாவின் நரைமுடி,
செத்தும் வரிசை கலையாத எறும்புகள்.
மூன்று பிணங்களைப் பிரித்து
ஒன்றை எழுப்பி உட்கார வைப்பது என் தொழில்.
தொண்டு என்று யாரும் நினைத்துவிட வேண்டாம்.
ஒன்றுக்கு எழுநூறு நிற்கும்.
பேட்டரி ஏமாற்றினால் அதுவும் இல்லை.

சுகிர்தபாய் வந்தது ஆனிச் சாரலில்,
அண்டி ஆபீஸ் விட்ட நேரம்.
"இருக்கதுல வெல கொறஞ்சது ஒண்ணு எடுங்க."
"பிள்ளைக்குப் படிக்கவா?"
"பிள்ளைக்கு இல்ல. எங்களுக்கு."

எங்களுக்கு என்றால் பதிமூன்று பேர்.
வாரச் சீட்டு போட்டுச் சேர்த்தது,
துணிக்கடைப் பையில், பத்தும் இருபதுமாக.
நான் ஐயாயிரம் சொல்லியிருந்தேன்.
எண்ணி முடித்தபோது நாலாயிரத்து முந்நூறு.
மீதியைக் கேட்க வாய் வரவில்லை என்று
எழுத எனக்கும் ஆசைதான்.
கேட்டேன்.
ஓணம் கழிந்து கொண்டுவந்து தந்தார்.

"இது கட்டைவிரல் கேக்குமா?"

அப்போதுதான் கைகளைப் பார்த்தேன்.
தோட்டெண்ணெய் அரித்து அரித்து
ரேகை தேய்ந்த விரல்கள்.
ரேஷன் கடை மெஷினில்
துடைத்துத் துடைத்து மூன்று முறை வைத்தாலும்
ஆள் நீ இல்லை என்று
பச்சை விளக்கு எரிய மறுக்கும் விரல்கள்.

"விரல் வேண்டாம். ஒரு சொல் போதும்.
வேற யாருக்கும் தெரியாத சொல்."

கொஞ்ச நேரம் யோசித்தார்.
கடைப்பையன் ஷிபினை வெளியே போகச் சொன்னார்.
என்னைத் திரும்பி நிற்கச் சொன்னார்.
என் கடையில், என் சுவரைப் பார்த்து
நான் நின்றேன்.
முதுகுக்குப் பின்னால் ஒற்றை விரல்
ஒவ்வொரு எழுத்தாகத் தேடிக்கொண்டிருந்தது.
நாலு பேருந்து போயிருக்கும்.

கார்த்திகையில் திரும்ப வந்தது, விசிறி இரைகிறது என்று.
திறந்தேன். உள்ளே சாம்பல்,
கை வழுக்காமலிருக்க அவர்கள் பூசும் சாம்பல்.
விசைப்பலகையில்
எண்கள் பத்தும் அழிந்து போயிருந்தன.
விரலைத் தின்ற எண்ணெய்தான்.
எழுத்துகள் மட்டும் போன மேனிக்கே இருந்தன.
அடியில் ஒட்டியிருந்த சீட்டில்
பழைய அலுவலகத்தின் பெயரை
யாரோ நகத்தால் சுரண்டியிருந்தார்கள்;
சொத்து எண் 417 மிச்சம்.

ஓடுகிறதா என்று பார்க்கத் திறந்தபோது
அந்தக் கணக்கு தானாக வந்து நின்றது.
பதிமூன்று பெயர்.
கணக்கப்பிள்ளை தராசில் சொன்ன கிலோ ஒரு பத்தி,
வீட்டுத் தராசில் தாங்கள் நிறுத்தது ஒரு பத்தி,
மூன்றாவதில் வித்தியாசம்.
ரெத்னபாய், 240 கிராம்.
லீதியாள், 310.
ஒரு நாளும் பூஜ்யம் இல்லை.
ஒரு நாளும் அவர்கள் பக்கம் சாய்ந்ததும் இல்லை.

"பலகை மாத்தணும். நானூறு ஆவும்" என்றேன்.
"எதுக்கு? எது எங்க இருக்குன்னு
எங்களுக்குத் தெரியுமில்லா."

நேற்று மறுபடி வந்தார்.
மூடி பிடிக்கும் கீல் உடைந்திருந்தது.
வீடு வீடாகத் தூக்கினால் உடையாதா.
திருகாணி முடுக்கும்போது பார்த்தேன்,
இந்த முறை எழுத்துகளும் அழியத் தொடங்கியிருக்கின்றன,
நடு வரிசையில் கூடுதலாக.

ஆபீஸில் ஏதோ பேச்சு என்று
டீக்கடையில் காதில் விழுந்திருந்தது.
நான் கேட்கவில்லை.
கீலுக்கு அறுபது வாங்கினேன்.
மூடும் முன்
அவர் கேட்காமலே நான்
சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.